ஸ்பேனர் எங்கே?

கீழ்பென்னாத்தூரில் கடல் இல்லை. விமான நிலையமும் இல்லை. நெல்லும் மணிலாவும் விளைகிற ஊர். திருவண்ணாமலைக்கும் செஞ்சிக்கும் பஸ்கள் ஓடுகிற ஊர்.

அந்த ஊரில் ஒரு பெரியவர் இருக்கிறார். வயது 70-க்கு மேல். கடற்படையில் வேலை பார்த்தவர். ஆனால் அவர் கப்பல் ஓட்டியவர் அல்ல. ஆகாய விமானங்களைப் பழுது பார்த்தவர்!

"கடற்படைக்கு விமானம் எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம்.

கப்பலில் நின்று பார்த்தால் சில மைல் தூரம்தான் தெரியும். விமானத்தில் இருந்து பார்த்தால் கடல் வெகுதூரம் தெரியும். எதிரியின் நீர்மூழ்கிக் கப்பலைத் தேட வேண்டும். புயலில் சிக்கியவர்களைக் காப்பாற்ற வேண்டும். அதனால்தான் கடற்படைக்கும் விமானங்கள் உண்டு.

தமிழ்நாட்டின் பங்கு

இரண்டாவது உலகப் போரின்போது, பிரிட்டிஷ் கடற்படையின் விமானங்களைப் பழுது பார்க்கும் தளம் ஒன்று கோவையில் இருந்தது. அதன் பெயர் கருடா.

நாடு சுதந்திரம் அடைந்த பிறகு, 1953-ம் ஆண்டு மே 11-ந் தேதி, கொச்சியில் நமது கடற்படையின் விமானத் தளம் தொடங்கப்பட்டது. அதற்கும் கருடா என்றே பெயர். 1961-ல் கோவைக்குப் பக்கத்தில் உள்ள சூலூரில் ஹன்சா என்ற தளம் தொடங்கப்பட்டது. அது 1964-ல் கோவாவுக்குப் போய்விட்டது. 1992-ல் அரக்கோணத்தில் ராஜாளி தளம் வந்தது.

விமானத்தைப் பழுது பார்க்கும் வேலையைக் கற்றுக்கொடுக்கும் கடற்படைக் கல்வி நிலையம் கொச்சியில் இருக்கிறது.

பள்ளி நாட்கள்

நமது பெரியவரும் 1970-களில் இப்படி ஒரு பயிற்சிப் பள்ளியில் படித்தவர்தான்.

"வீட்டை விட்டுப் போனபோது எனக்கு இந்தி தெரியாது. ஆங்கிலமும் அரைகுறை. காலையில் விசில் ஊதுவார்கள். உடனே எழுந்து ஓட வேண்டும். சாப்பாட்டில் சப்பாத்தி போடுவார்கள். சோற்றுக்கு நாக்கு ஏங்கும். முதல் வாரம் போர்வைக்குள் அழுதேன்" என்று சொல்லிச் சிரிக்கிறார்.

ஆனால் அவர் அடிக்கடி சொல்லுவது வேறு ஒரு கதை.

அந்தப் பள்ளியில் கருவிப் பெட்டி ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு கருவிக்கும் தனி இடம் உண்டு. வேலை தொடங்கும் முன் எண்ண வேண்டும். முடிந்த பிறகும் எண்ண வேண்டும். எண்ணிக்கை சரியாக இருந்தால்தான் கையெழுத்துப் போடலாம்.

ஒரு நாள் மாலை அவருடைய பெட்டியில் ஒரு ஸ்பேனர் குறைந்தது. பயத்தில் உடம்பு நடுங்கியது. பேசாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தார். பிறகு ஆசிரியரிடம் போய் உண்மையைச் சொன்னார்.

யாரும் அறைக்குப் போகவில்லை. வகுப்பு முழுவதும் தேடியது. இரவு சாப்பாட்டு நேரமும் கடந்துவிட்டது. கடைசியில் என்ஜினின் ஒரு மூலையில் ஸ்பேனர் கிடைத்தது.

ஆசிரியர் அடிக்கவில்லை. "தொலைத்தது தவறு. ஆனால் சொன்னாயே, அதனால் நீ இந்த வேலைக்கு ஏற்றவன்" என்றார்.

50 ஆண்டுகள் ஆகியும் பெரியவர் அந்த வார்த்தையை மறக்கவில்லை.

84 போல்ட்டுகள்

ஒரு சின்ன ஸ்பேனருக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?

1990-ம் ஆண்டு ஜூன் 10-ந் தேதி இங்கிலாந்தில் நடந்ததைக் கேளுங்கள். ஒரு பயணிகள் விமானம் சுமார் 17 ஆயிரம் அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தது. திடீர் என்று விமானிக்கு முன்னால் இருந்த கண்ணாடி பெயர்ந்து பறந்தது. விமானியின் உடலில் பாதி ஜன்னலுக்கு வெளியே போய்விட்டது! ஊழியர்கள் அவருடைய கால்களைப் பிடித்துக்கொண்டார்கள். துணை விமானி விமானத்தைப் பத்திரமாக இறக்கினார். விமானியும் பிழைத்தார்.

காரணம் என்ன? விமானம் புறப்படும் முன்புதான் அந்தக் கண்ணாடியை மாற்றி இருந்தார்கள். அதற்கு 90 போல்ட்டுகள். அவற்றில் 84 போல்ட்டுகள் அளவில் மெல்லியவை. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. வேலை செய்தவர் பட்டியலில் உள்ள நம்பரைப் பார்க்கவில்லை. கண்ணால் ஒப்பிட்டுப் பார்த்து எடுத்துவிட்டார்.

ஊருக்கும் தேவை

"அது விமானம். மோட்டார் சைக்கிளுக்கு எதற்கு இந்தக் கண்டிப்பு?" என்று சிலர் சொல்லலாம்.

பள்ளிக்கூட வேனின் பிரேக்கில் ஒரு நட்டு தளர்ந்தால் என்ன ஆகும்? கிணற்று மோட்டாரில் ஒரு ஒயரைச் சரியாக மூடாமல் விட்டால் என்ன ஆகும்? உயிர் எங்கே போனாலும் உயிர்தானே?

பையன்களை மட்டும் குறை சொல்லுவது நியாயம் அல்ல. ஸ்பேனர் தொலைந்தது என்று சொன்னால் சில முதலாளிகள் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். கன்னத்தில் அறைகிறவர்களும் உண்டு. மறுமுறை அந்தப் பையன் உண்மையைச் சொல்லுவானா? மறைக்கத்தான் செய்வான். "சீக்கிரம் கொடு, சீக்கிரம் கொடு" என்று தலைமேல் நிற்கும் நமக்கும் இதில் பங்கு உண்டு.

நமது வட மாவட்டங்களில் முப்படைகளுக்கும் ஆள் அனுப்பிய குடும்பங்கள் ஏராளம். வேலூருக்குப் பக்கத்தில் உள்ள கம்மவான்பேட்டை இதற்குப் பேர் பெற்ற ஊர். ஓய்வு பெற்று வந்தவர்களை நாம் எப்படிப் பயன்படுத்துகிறோம்? சுதந்திர தினத்தன்று மாலை போடுகிறோம். பிறகு மறந்துவிடுகிறோம்.

அது போதாது. தொழிற்பயிற்சி நிலையங்கள் மாதம் ஒரு நாள் இவர்களை அழைக்கட்டும். மாணவர்கள் முன்னால் கருவிப் பெட்டியைத் திறந்து வைத்து, தங்கள் பள்ளிக் கதையை இவர்கள் சொல்லட்டும். இதற்குப் பெரிய செலவு இல்லை.

பெண் பிள்ளைகளும் கேட்க வேண்டிய கதை இது. 2022-ல் இருந்து கடற்படையில் பெண்களும் மாலுமிகளாகச் சேருகிறார்கள்.

வீட்டில் தாத்தா இருந்தால் பேரப் பிள்ளைகள் அவர் சொல்லுவதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். முதியவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள். அவர்களோடு அந்தப் பாடமும் போய்விடக் கூடாது.

"எங்கேயாவது இருக்கும்"

பெரியவர் தினமும் மாலையில் செஞ்சி ரோட்டில் உள்ள ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறைக்குப் போவார். அன்றும் போனார். பெட்டியைப் பார்த்தார்.

"டேய் தம்பி, 12-ம் நம்பர் ஸ்பேனர் எங்கே?"

"எங்கேயாவது இருக்கும் தாத்தா!"

"அந்த 'எங்கேயாவது' எங்கே என்று பார்த்துவிட்டு வண்டியைக் கொடு."

பையன் முணுமுணுத்துக்கொண்டே தேடினான். டெலிவரிக்குத் தயாராக நின்ற வண்டியின் சீட்டைத் தூக்கினான். ஸ்பேனர் அங்கே கிடந்தது, பேட்டரிக்குப் பக்கத்தில்!

பையன் அதை எடுத்துத் துடைத்துப் பெட்டியில் வைத்தான். பிறகு, யாரும் சொல்லாமலே, மற்றக் கருவிகளையும் எண்ணத் தொடங்கினான்.