உக்காருங்க!

கொங்கு நாட்டு மரியாதை ஊரறிந்த விஷயம். கோயமுத்தூர்க்காரன் திட்டினால்கூட 'ங்க' போட்டுத்தான் திட்டுவான் என்று வெளியூர் நண்பர்கள் கேலி செய்வார்கள். எனக்கும் அதில் பெருமை உண்டு. ஆனால் அந்த மரியாதைச் சொற்களில் ஒன்றின்மீது மட்டும் எனக்குத் தீராத பகை. 'உக்காருங்க' என்பதே அது. விருந்தாளியிடம் சொன்னால் அது உபசாரம். வயதான தாய் தகப்பனிடம் விடிந்தது முதல் அடைந்தது வரை சொல்லிக் கொண்டிருந்தால் அது தண்டனை.

பிறர்மேல் குற்றம் சுமத்துமுன் என் கணக்கைச் சொல்லி விடுகிறேன்.

என் அம்மா எழுபத்திரண்டு வயது வரை பொள்ளாச்சிக்குத் தெற்கே எங்கள் தோட்டத்துச் சாளையில் இருந்தாள். விடியுமுன் கட்டுத்தரையைக் கூட்டி, எருமைக்குச் சோளத்தட்டு அள்ளிப் போட்டு, குத்தவைத்துப் பால் கறந்து, வாசலுக்குச் சாணம் தெளித்த பிறகுதான் அவளுக்குக் காப்பி. அப்பா காலமானதும் நான் நல்ல மகனாகி அவளைக் கோயமுத்தூருக்கு அழைத்து வந்தேன். சாய்வு நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டேன். அவள் சீமாரைத் தொட்டால் போதும், என் மனைவி ஓடி வந்து பிடுங்கிக் கொள்வாள். "நீங்க உக்காருங்கத்தை. பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க?"

அந்தக் கேள்விக்குத்தான் வீட்டில் அத்தனை பேரும் பயந்தோம். மாமியாரை வேலை வாங்குகிற வீடு என்ற பெயர் வந்துவிடக் கூடாதல்லவா?

ஒரு மழைக்காலத்தில் அம்மாவுக்குக் காய்ச்சல். பார்த்த டாக்டர், "நல்லா ரெஸ்ட் குடுங்க" என்றார். காய்ச்சல் ஒரு வாரத்தில் போயிற்று. ரெஸ்டை நாங்கள் நிறுத்தவே இல்லை. இரண்டாம் வருஷம் நாற்காலியிலிருந்து எழ அவளுக்கு இரண்டு கைகளும் வேண்டியிருந்தன. மூன்றாம் வருஷம் எங்கள் கைகளும் வேண்டியிருந்தன. "காலு எங்கயோ போயிருச்சு கண்ணு" என்றாள் ஒரு நாள். போகவில்லை. அன்பின் பெயரால் நாங்கள்தான் எடுத்துக் கொண்டோம்.

இது ஒரு மகனின் மனக்குறை மட்டுமல்ல. 2007-ல் அமெரிக்காவில் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். நோய் நொடியில்லாத முதியவர்கள் சிலரைப் பத்தே நாள் படுக்கையில் வைத்துப் பார்த்தார்கள். கால்களில் மட்டும் சுமார் ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. பத்து நாளைக்கு ஒரு கிலோ என்றால், பத்து வருஷ சாய்வு நாற்காலிக்கு என்ன கணக்கு?

போனது திரும்பாது என்று பெருமூச்சு விடவும் வழியில்லை. 1990-ல் பாஸ்டன் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில், தொண்ணூறை ஒட்டிய வயதுடைய பத்துப் பேருக்குக் காலால் பளு தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். எட்டே வாரத்தில், பயிற்சியை முடித்தவர்களின் கால் வலு சராசரியாக 174 சதவிகிதம் கூடியிருந்தது. தொண்ணூறு வயதிலும் தசைக்குக் காது கேட்கிறது. கூப்பிட ஆளில்லை என்பதுதான் குறை.

நம் ஜில்லாவிலேயே சான்று இல்லையா? பொள்ளாச்சிப் பக்கத்து ஜமீன் காளியாபுரத்தில் 1920-ல் பிறந்த நானம்மாள், சிறு வயதில் தகப்பனாரிடம் கற்ற ஆசனங்களைத் தொண்ணூறு தாண்டியும் செய்தார், பிறருக்கும் கற்பித்தார். 2018-ல் பத்மஸ்ரீ வந்தது. 2019-ல் தம் 99-வது வயதில் காலமானார். மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டியில் பாப்பம்மாள், நூறைத் தாண்டியும் தம் தோட்டத்தில் இறங்கி வேலை செய்தார். 2021-ல் அவருக்கும் பத்மஸ்ரீ, 2024-ல் மறைந்தார்.

இவர்களை நாம் என்ன செய்தோம்? மாலை போட்டோம், படம் எடுத்தோம், "அதிசயப் பிறவி!" என்றோம். என் கோபமெல்லாம் இந்த 'அதிசயம்' என்ற வார்த்தைமேல்தான். அவரை அதிசயம் என்று சொல்லிவிட்டால் நாம் குனிந்து காலைத் தொட வேண்டியதில்லை பாருங்கள்! தினம் தவறாமல் செய்த காரியத்துக்கு தெய்வ கடாட்சம் என்று பெயர் வைத்துவிட்டு, நாம் சோபாவுக்குத் திரும்பி விடுகிறோம்.

"விழுந்து இடுப்பு ஒடிந்தால் நீரா வந்து பார்ப்பீர்?" என்று ஒரு நண்பர் சண்டைக்கு வருகிறார். நியாயமான பயம்தான். ஆனால் விழாமல் தாங்க வேண்டியது கால். அதைச் சும்மா வைத்துச் சூம்பச் செய்துவிட்டு விழாமல் காப்பாற்றுகிறேன் என்பது என்ன காப்பு? உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது இது: அறுபத்தைந்து தாண்டியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷம் நடை போன்ற மிதமான உழைப்பில் ஈடுபட வேண்டும், அதோடு வாரத்தில் மூன்று நாளாவது வலுவுக்கும், நிலை தடுமாறாமல் நிற்பதற்குமான பயிற்சி வேண்டும். இதற்கு நாம் சீமைக்குப் போக வேண்டாம். குனிந்து நிமிர்ந்து, கைகொட்டிச் சுற்றி வருகிற நம் கும்மி இருக்கிறது. வள்ளி ஒயில் கும்மியைக் கற்பித்து வந்ததற்காக 2024-ல் பத்மஸ்ரீ பெற்றபோது மேட்டுப்பாளையம் பத்திரப்பனுக்கு வயது எண்பத்தேழு.

இன்னொரு கேள்வியும் வரும். அதற்கு நான் தலைகுனிந்தே பதில் சொல்ல வேண்டும். எழுபது வயதில் கூலிக்குச் செங்கல் சுமக்கிற கிழவிக்கும் இதே உபதேசமா? இல்லை. அவளுக்கு வேண்டியது பென்ஷனும் நிழலும். கடன்காரனுக்குப் பயந்து முறிகிற உழைப்பு வேறு, உடம்பைப் பேணுகிற அப்பியாசம் வேறு. நான் பேசுவது மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து இந்தப் பக்கத்தைப் படிக்கிற நம்மைப் பற்றி.

நாம் உட்கார்ந்ததற்கு நம் ஊரே துணை செய்தது. மாவரைக்கும் மின்சார கிரைண்டரை 1955-ல் இதே கோயமுத்தூரில்தான் சபாபதி என்பவர் உருவாக்கினார். நம் பெண்களின் தோள்வலியைத் தீர்த்த புண்ணியவான். ஆட்டாங்கல்லை மறுபடி உருட்டச் சொல்ல எனக்குப் பைத்தியமா? ஆனால் மிச்சமான அந்த நேரத்தில் பாதியையாவது அதே தோளுக்குத் திருப்பிக் கொடுத்தோமா? கிரைண்டர் சுற்றுகிறது, நாம் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

ரேஸ் கோர்ஸ் சாலையில் காலையில் சுற்றுகிறவர்கள் இப்போது என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூடும். "நாங்கள் நடக்கிறோமே!" நடங்கள், சந்தோஷம். ஆனால் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் தண்ணீர்ச் செம்புக்கு மருமகளைக் கூப்பிடுகிற கனவான்களை நான் அறிவேன். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்கார்ந்து பாருங்கள். உங்கள் கால்களின் உண்மை வயது தெரிந்துவிடும். நெஞ்சு நோயோ முழங்கால் வாதமோ உள்ளவர்கள் வைத்தியரிடம் போக வேண்டியதுதான். ஆனால் "சும்மா இருக்கட்டுமா?" என்று கேட்காமல் "என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள்.

எனக்கும் இப்போது அறுபத்தெட்டு. சென்ற வாரம் மொட்டை மாடிச் செடிகளுக்குத் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினேன். மருமகள் பதறி ஓடி வந்தாள். "குடுங்க மாமா, நீங்க உக்காருங்க." அவள் கண்ணில் அன்றைக்கு என் மனைவியிடம் பார்த்த அதே அன்பு, அதே பயம்.

"வேண்டாம் அம்மணி. உனக்குத் தூக்கோணும்னா இன்னொரு குடம் இருக்குது" என்றேன்.

அவளுக்கு மனம் நோகத்தான் செய்தது. இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் இன்னொரு குடத்தோடு மேலே வந்தாள்.