கேரவன் என்று எழுதாதீர்கள்

சென்ற டிசம்பரில் ஒரு நாள் பொழுது சாயும் நேரம், பெரிய முதலியார்சாவடிப் பக்கம் தோப்பு வைத்திருக்கும் நண்பர் போன் செய்தார். "அண்ணே, கொஞ்சம் வந்துட்டுப் போங்க, இங்கிலீஷ்ல சண்டை போடறாங்க" என்றார். தென்னைகளுக்கு நடுவில் நாலு கூடாரம் போட்டு, வெளியூர்க்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிறவர் அவர். போய்ப் பார்த்தால், பெங்களூரிலிருந்து வந்த ஒரு கணவன் மனைவி. டெம்போ டிராவலரை உள்ளே வீடு மாதிரி மாற்றி, கட்டில், அடுப்பு, சின்னக் கழிப்பறை எல்லாம் வைத்து ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

சண்டை இதுதான். அவர்கள் முதல் நாள் போனில், "வேன்ல வர்றோம், இடம் வேணும்" என்று சொல்லியிருக்கிறார்கள். நம் ஊரில் வேன் என்றால் என்ன அர்த்தம்? கல்யாணத்துக்கோ வேளாங்கண்ணிக்கோ பதினெட்டுப் பேர் ஏறிப் போகிற வண்டி. நண்பர் நாலு கூடாரத்தையும் ஒதுக்கி, பதினெட்டுப் பேருக்கு மீன் குழம்புக்குச் சொல்லிவிட்டார். வந்தது இரண்டு பேர். அவர்களுக்குக் கூடாரமும் வேண்டாம், குழம்பும் வேண்டாம். வண்டி நிற்க ஓர் இடம், ஒரு மின் இணைப்பு, ஒரு தண்ணீர்க் குழாய், அவ்வளவுதான். அதைக் கொடுக்கவும் வழியில்லை. தோப்பு வாசலில் தாழ்வாகத் தொங்கும் கம்பிக்குக் கீழே அந்த வண்டி நுழையாது.

இரு பக்கமும் சமாதானம் பேசி அனுப்பிவிட்டேன். ஆனால் அந்தப் பெண் ரோட்டோரத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டது வீட்டுக்கு வந்த பிறகும் மனசைவிட்டுப் போகவில்லை. ஏனென்றால் அதே தப்பை நானும் செய்திருக்கிறேன், அதுவும் பிரான்சில்.

எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பிரான்ஸ் ஒன்றும் தூரமில்லை. பெண்ணோ பிள்ளையோ அங்கே இல்லாத வீடு எங்கள் தெருவில் குறைவு. 2018-இல் நானும் மனைவியும் மகன் வீட்டுக்குப் போவதாக முடிவானது. ஆகஸ்ட் மாதம் ஒரு வாரம், அடுக்களையும் படுக்கையும் உள்ள ஒரு வண்டியை வாடகைக்கு எடுத்து, பிரெத்தான் கடற்கரைப் பக்கம் சுற்றலாம் என்றான் மகன். இரவு தங்குவதற்கு முன்கூட்டியே இணையத்தில் இடம் பதிவு செய்யவேண்டும். அவனுக்கு வேலை நெருக்கடி. "நான் போடறேன், விடு" என்றேன். முப்பது வருஷம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் உட்கார்ந்து, ஊரார் எழுதிவந்த தபசிலில் பிழை கண்டுபிடித்தவனுக்கு ஒரு படிவம் நிரப்புவதா கஷ்டம்?

அந்தப் பக்கத்தில் முதல் கேள்வியே, எதில் வருகிறீர்கள் என்பதுதான். தாந்த், கரவான், காம்பிங்-கார், இன்னும் ஒன்றிரண்டு. தாந்த் என்றால் கூடாரம், அது தெரியும். காம்பிங்-கார் என்றதும் ஏதோ கார் என்று நினைத்துத் தள்ளிவிட்டேன். கரவான்! இதுதானே நம் கேரவன்? ஷூட்டிங் நடக்கிற இடத்தில் நடிகர்கள் ஏறி உட்கார்ந்துகொள்கிற பெரிய வண்டி. உள்ளே படுக்கை, கண்ணாடி, ஏசி எல்லாம் இருக்கும். அதையே அமுக்கினேன். நீளம் 6 மீட்டர் என்று போட்டேன். முன்பணமும் போனது.

ஐரோப்பாவில் கரவான் என்றால் இன்ஜின் இல்லாத பெட்டி. காருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துவருவது. தானே ஓடுகிற வண்டிக்குப் பிரெஞ்சில் காம்பிங்-கார் என்று பெயர். சரக்கு வேனை வீடாக மாற்றியது என்றால் 'ஃபுர்கோன் அமெனாஜே' என்று தனியாக ஒரு பெயர். நாங்கள் எடுத்தது அந்த மூன்றாவது வகை. ஒரே சொல், நம் ஊரில் இன்ஜின் உள்ளது, அங்கே இன்ஜின் இல்லாதது. மூலத்தில் அது பாரசீகச் சொல், ஒட்டகத்தோடு கூட்டமாகப் போகும் வணிகர் வரிசைக்குப் பெயர். அந்த அர்த்தத்தில் பார்த்தால், 1969-இல் பாரிசிலிருந்து தரை வழியாகவே வண்டிகளில் கிளம்பி ஆரோவில் வந்து சேர்ந்தார்களே, அந்தக் கூட்டம்தான் எங்கள் பக்கத்துக்கு வந்த உண்மையான கேரவன்.

ஆகஸ்ட் 14 மாலை அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் மாதா விண்ணேற்புத் திருநாள், பிரான்ஸ் முழுக்க விடுமுறை. அந்த நாட்டில் கடற்கரையோரம் ஓர் அங்குலம் காலி இருக்காது. வரவேற்பறைப் பெண் வண்டியை எட்டிப் பார்த்தாள், கணினியைப் பார்த்தாள், தலையை ஆட்டினாள். எங்களுக்கு ஒதுக்கியிருந்தது புல்தரை. இழுவைப் பெட்டி 1,200, 1,500 கிலோ இருக்கும். ஒருமுறை தள்ளி நிறுத்தினால் வாரம் முழுக்க அங்கேயே கிடக்கும். எங்கள் வண்டியோ ஆளும் சாமானும் ஏற்றி 3 டன்னுக்கு மேல். இரண்டு நாள் மழை பெய்திருந்தது. ஏறினால் சக்கரம் புதையும், இழுத்தெடுக்க டிராக்டர் வேண்டும், புல்லும் போகும். காம்பிங்-கார்களுக்குச் சரளைக்கல் கொட்டிய இடங்கள் தனியே உண்டு, ஆனால் அவை எல்லாம் நிரம்பிவிட்டன. அவள் கோபமாகப் பேசவில்லை. "நீங்கள் சரியாக எழுதியிருந்தால், இடமில்லை என்று அன்றைக்கே சொல்லியிருப்போமே" என்றாள். மகன் மொழிபெயர்த்துச் சொன்னான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

முன்பணம் திரும்பவில்லை. அதை நான் அநியாயம் என்று சொல்லமாட்டேன். இருட்டுகிற நேரத்தில் இன்னும் இருபது கிலோமீட்டர் ஓட்டி, ஒரு சின்ன ஊரில் வண்டிகள் நிறுத்தக் கொடுத்திருக்கும் திடலில் போய் நின்றோம். குளியலறை கிடையாது. மூட்டு வலியோடு என் மனைவி அந்த உயரக் கட்டிலில் ஏறமுடியாமல் இருக்கையிலேயே உட்கார்ந்து விடிய வைத்தாள். திட்டவில்லை. "ஊராருக்கெல்லாம் தபசில் பார்த்தீங்க" என்று மட்டும் சொன்னாள். மறுநாள் காலை ஒரு கடையில் அளவு டேப் வாங்கினேன். நானும் பேரனும் வண்டியை அளந்தோம். வாடகைக் காகிதத்தில் இருந்த நீளம் 5.99 மீட்டர், உயரம் 2.52. பின்னால் மாட்டியிருந்த சைக்கிள் தாங்கியோடு சேர்த்து அளந்தால் நீளம் 6.65! ஆக, நான் எழுதிய நீளமும் தப்பு.

அந்தத் திடலில் நின்றபடி யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். பத்திரத்தில் சொத்தை எப்படி எழுதுவோம்? "என் தோட்டம்", "பெரிய வீடு" என்றா எழுதுவோம்? அந்தப் பெயர்கள் ஆளுக்கு ஆள், தலைமுறைக்குத் தலைமுறை மாறும். சர்வே எண், நான்கு மால், கிழமேல் எத்தனை அடி, தென்வடல் எத்தனை அடி என்று எழுதுவோம். தோட்டம் நாளைக்கு மனையாகலாம், அளவு மாறாது. வண்டிக்கும் அதுவேதான். வண்டியின் பெயர் அதை வைத்திருக்கிறவருடைய பேச்சு. இடம் கொடுக்கிறவருக்கு வேண்டியது நீளம், அகலம், உயரம், எடை, இன்ஜின் உண்டா இல்லையா. இந்த ஐந்தும் தெரிந்தால் அதற்கு அவர் என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும்.

நீளம் என்றால் நுனி முதல் நுனி வரை. சைக்கிள் தாங்கி, பின் ஏணி, இழுவைக் கொக்கி எல்லாம் சேர்த்து. கப்பலில் வண்டியை ஏற்றி இங்கிலாந்து போகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும், அங்கே கட்டணமே நீளத்தைப் பொறுத்தது. உயரம் என்றால் கூரை மேல் இருக்கும் காற்றாடி மூடி, சூரிய மின்தகடு வரை. அடியா மீட்டரா என்பதையும் பார்க்கவேண்டும். நம் ஆட்கள் இருபது அடி என்பதை 20 என்று போட்டுவிட்டு மீட்டர் கட்டத்தைக் கவனிக்காமல் விடுவார்கள். அங்கே ஒரு மனை 80, 100 சதுர மீட்டர் இருக்கும். 80 என்றால் நம் கணக்கில் ஏறக்குறைய 2 சென்ட். அதில் 20 மீட்டர் வண்டி எங்கே நிற்கும்?

மின்சாரத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது. இடத்துக்கு 6 ஆம்பியர், 10 ஆம்பியர் என்று கேட்டிருப்பார்கள். விலை குறைவு என்று 6-ஐ எடுத்தால், 230 வோல்ட்டில் 1,380 வாட்தான் கிடைக்கும். நம் வீட்டுப் பெண்கள் டீக்கு 2,000 வாட் கெட்டிலைப் போட்டால் ட்ரிப் ஆகிவிடலாம். ராத்திரியில் யாரை எழுப்புவது?

வண்டிக்குப் பக்கவாட்டில் விரிக்கிற துணிக் கூரையைப் பலரும் சொல்லாமல் மறைப்பார்கள், கூடக் காசு கேட்பார்களே என்று. இங்கிலாந்தில் ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் 6 மீட்டர் இடைவெளி என்று வைத்திருக்கிறார்கள். தீப்பிடித்தால் பரவாமல் இருக்கத்தான் அது. உள்ளே எரிவாயு சிலிண்டர் இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, துணி இருக்கிறது. கூரைத் துணியை மறைத்து எழுதினால் பக்கத்து வண்டியில் தூங்கும் குழந்தையின் இடைவெளியையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறோம். கழிப்பறை விஷயமும் அப்படியே. உள்ளே கழிப்பறை உண்டு என்றால்தான் சில இடங்களில் விடுவார்கள். நியூசிலாந்தில் 2023-இல் சட்டமே கொண்டுவந்துவிட்டார்கள். வண்டியோடு நிலையாகப் பொருத்திய கழிப்பறை இருந்தால்தான் தன்னிறைவு வண்டி என்ற சான்று. தூக்கி வைக்கிற வாளி வகை செல்லாது. அங்கே இருக்கும் நம் பிள்ளைகள் வாடகைக்கு எடுக்கும்போது இதைக் கேட்டுக்கொள்ளட்டும்.

"எல்லாத்தையும் உண்மையா எழுதினா இடமே கிடைக்காது சார்" என்று என் பழைய சகா ஒருவர் சொல்கிறார். கிடைக்காமல் போகட்டுமே. வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது கிடைக்கவில்லை என்று தெரிந்தால் வேறு இடம் தேடலாம். வாசலில் போய் நின்ற பிறகு தெரிந்தால்? பத்திரத்தில் மதிப்பைக் குறைத்துக் காட்டி முத்திரைத் தாள் காசை மிச்சம் பிடித்தவர்கள் பிறகு எங்கெல்லாம் அலைந்தார்கள் என்று நான் கண்ணால் பார்த்தவன்.

தப்பு முழுக்க எழுதுகிறவர் தலையில்தான் என்றும் நான் சொல்லமாட்டேன். பதிவுப் பக்கம் வடிவமைக்கிறவர்கள் ஏன் முதலில் பெயரைக் கேட்கிறார்கள்? ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு சின்னப் படம் போட்டிருந்தால் அன்றைக்கு என் மனைவி படுத்துத் தூங்கியிருப்பாள். இன்ஜின் உள்ளதா, மொத்த எடை எவ்வளவு என்று இரண்டு கேள்வி சேர்த்தால் போதும், மொழி தெரியாதவனும் தப்பு செய்யமாட்டான்.

இது நமக்கு எதற்கு என்று நினைக்கவேண்டாம். கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கு ஒரு கொள்கை அறிவித்தது. 2022-இல் வாகமணில் முதல் கேரவன் பூங்காவும் வந்துவிட்டது. குறைந்தது 50 சென்ட் நிலம், ஐந்து வண்டி நிற்க இடம் என்பது அவர்கள் வைத்த அளவுகோல். ஈ.சி.ஆர். ஓரத்தில் 50 சென்ட் தோப்பு வைத்திருப்பவர்கள் எத்தனையோ பேர். சொந்த வண்டியை இப்படி மாற்றும் ஆசை நம் பிள்ளைகளுக்கும் வந்திருக்கிறது. அவர்களுக்கு ஒன்று: 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, வண்டியை இஷ்டத்துக்கு மாற்றிவிட்டுச் சும்மா ஓட்டமுடியாது. ஆர்.சி. புத்தகத்தில் இருப்பதும் வண்டியில் இருப்பதும் ஒத்துப்போகவேண்டும். பட்டா ஒன்று, அனுபவம் ஒன்று என்றால் வில்லங்கம்தான்.

தோப்பு நண்பருக்கு ஒரு காகிதம் எழுதிக் கொடுத்தேன். போன் வந்தால் கேட்கவேண்டியவை: எத்தனை பேர், வண்டி எத்தனை அடி நீளம், எத்தனை அடி உயரம், உள்ளேயே தூங்குவார்களா, கரண்ட் வேண்டுமா. அதைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறார். கம்பியையும் உயர்த்திக் கட்ட மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார், இன்னும் வரவில்லை.

மகன் இந்த வருஷமும் ஆகஸ்டில் போகிறான். பணம் கட்டும் முன் பதிவுப் பக்கத்தைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினான். "அப்பா, தபசில் சரியா பாருங்க." ஃபுர்கோன் என்று சரியாகப் போட்டிருந்தான். 10 ஆம்பியர், சரி. நீளம் மட்டும் 5.99 என்று இருந்தது. சைக்கிள் எடுத்துப் போகிறாயா என்று கேட்டேன். ஆமாம் என்றான்.