அழிந்துபோன ஒன்பதாவது வாரம்

"முதல் ஸ்கேன் எங்கம்மா?"

மாவட்டத்தின் பெரிய அரசு மருத்துவமனை. பிரசவ வார்டில் டாக்டர் கேட்டதும் என் தங்கை மகள் பையைத் துழாவினாள். தாய் சேய் நலப் புத்தகம் வந்தது, ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள் வந்தன, கடைசியாக ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் உள்ளங்கை அளவில் வழவழப்பான ஒரு தாள். தாளில் ஒரு மூலையில் மட்டும் சாம்பல் தீற்றல். மற்றதெல்லாம் வெளுத்துக் கிடந்தது.

"பத்திரமாத்தான் மாமா வெச்சிருந்தேன்" என்றாள் என்னைப் பார்த்து.

பத்திரமாக வைத்ததுதான் வினை. ஸ்கேன் மெஷினோடு இருக்கும் சின்ன பிரிண்டரில் மை கிடையாது. கண்டக்டர் கையிலிருக்கும் டிக்கெட் மெஷினைப் போல, சூடு பட்டால் கறுக்கும் தாளில்தான் அது படம் போடுகிறது. வெயில் பட்டால் அந்தப் படம் போகும். சிலவகை பிளாஸ்டிக் உறையில் நாள்கணக்கில் ஒட்டிக் கிடந்தாலும் போகும். இதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. எனக்கும் அதுவரை தெரியாது.

டாக்டர் அந்தத் தாளைத் தேடியதற்குக் காரணம் இருந்தது. மாதவிலக்குக் கணக்குப்படி அவளுக்கு 36 வாரம். அன்று காலை எடுத்த ஸ்கேனோ 32 வாரக் குழந்தையின் அளவைக் காட்டியது. ஒன்று, அவள் சொன்ன தேதி தப்பு; அப்படியானால் காத்திருக்கலாம். இல்லையென்றால் தேதி சரி, உள்ளே குழந்தை வளரவில்லை. அப்படியானால் சீக்கிரம் வெளியே எடுக்க வேண்டியிருக்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர்.

வழக்கைத் தீர்க்கக்கூடிய சாட்சி ஒன்றே ஒன்றுதான்: ஒன்பதாவது வாரத்தில் எடுத்த முதல் ஸ்கேன். அந்தப் பருவத்தில் கருக்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்கின்றன. தலையிலிருந்து பிட்டம் வரை அளந்தால் ஐந்து முதல் ஏழு நாள் பிசகுக்குள் வயதைச் சொல்லிவிடலாம். கடைசி மூன்று மாதத்தில் அளந்தால் அந்தப் பிசகு மூன்று வாரம் வரை போகும். புத்தகத்தைப் புரட்டினால், முதல் ஸ்கேன் என்ற இடத்தில் யாரோ 'நார்மல்' என்று மட்டும் எழுதியிருந்தார்கள்.

"இன்னொரு தடவை எடுத்துப் பார்த்துடலாமே டாக்டர்?" என்று கேட்டேன். எவ்வளவு அசட்டுக் கேள்வி! ஒன்பதாவது வாரத்தை மறுபடி எடுக்க முடியாது. எக்ஸ்ரே தொலைந்தால் இன்னொரு எக்ஸ்ரே எடுக்கலாம், ரத்தச் சீட்டு தொலைந்தால் மறுபடி குத்திக்கொள்ளலாம். கருவின் முதல் படம் போனால் போனதுதான்.

மறுநாள் பஸ் ஏறி அந்த ஸ்கேன் எடுத்த சிறிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். தாள் வெளுத்தால் என்ன, மெஷினுக்குள் இருக்குமே!

"மெஷின்ல இடம் ஃபுல் ஆயிடுச்சுங்க சார். பழசை அழிச்சாத்தான் புதுசு எடுக்க முடியுது" என்றார் அங்கிருந்த செவிலியர்.

"அழிக்கிறதுக்கு முன்னாடி வேற எங்கயாவது அனுப்பி வெக்கிறதில்லையாம்மா?"

"எங்க சார் அனுப்புறது?"

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வெளியே பெஞ்சில் இருபது பெண்கள் வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருந்தார்கள். மெஷினைச் சுற்றி எட்டிப் பார்த்தேன். பின்பக்கம் நெட்வொர்க் கேபிள் செருகும் துளை இருந்தது. அதன் மேல் கம்பெனியில் ஒட்டிய ஸ்டிக்கர் உரிக்கப்படாமல் அப்படியே இருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி நிரப்ப வேண்டிய 'படிவம் எஃப்' அவள் பெயரில் பத்திரமாக இருந்தது. முகவரி, எத்தனை பிள்ளைகள், கையெழுத்து, எல்லாம் உண்டு. அந்தச் சட்டத்தின் 29-வது பிரிவு பதிவேடுகளைக் குறைந்தது இரண்டு ஆண்டு காக்கச் சொல்கிறது. அதன் விதிகளில் ஸ்கேன் படங்களும் அந்தப் பட்டியலில் வருகின்றன. காகிதம் இருக்கிறது, படம் இல்லை.

அதன் பிறகுதான் இந்தத் தொழிலில் இருக்கும் சிலரைப் பிடித்துக் கேட்டேன். தெரிந்துகொண்டது எரிச்சலைக் கூட்டியது. படத்தை அனுப்புவதற்கான வழி புதிதாக யாரும் கண்டுபிடிக்க வேண்டியதல்ல. ஒரு கம்பெனி மெஷினின் படத்தை இன்னொரு கம்பெனியின் கம்ப்யூட்டர் படிக்க வேண்டும் என்று அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர் அமைப்பும் மின்கருவி உற்பத்தியாளர் சங்கமும் சேர்ந்து 1985-லேயே ஒரு பொது விதியை வெளியிட்டார்கள். 1993-ல் அது 'டைகாம்' என்று பெயர் பெற்றது. சிடி, எம்ஆர்ஐ எல்லாம் அந்த மொழியில்தான் பேசுகின்றன. அல்ட்ராசவுண்டுக்கும் அதே மொழிதான். படங்களை வாங்கிச் சேர்த்து வைக்கும் சர்வருக்கு 'பேக்ஸ்' என்று பெயர்.

மெஷினை அதோடு சேர்ப்பது ராக்கெட் விடும் வேலை இல்லை. மெஷினுக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும். 'ஏஈ டைட்டில்' என்பார்கள், 16 எழுத்துக்குள். ஒரு நிலையான ஐபி முகவரி கொடுக்க வேண்டும். சர்வரின் பெயர், முகவரி, போர்ட் எண் மூன்றையும் மெஷினில் பதிய வேண்டும். இதே விவரத்தைச் சர்வர் பக்கத்திலும் பதிய வேண்டும். பெரும்பாலும், தெரியாத பெயரில் வரும் படத்தைச் சர்வர் வாங்காது. பெண் வீட்டிலும் மாப்பிள்ளை வீட்டிலும் ஒரே முகூர்த்தத்தை எழுதி வைத்துக்கொள்வது போல. கடைசியில் 'எக்கோ' என்று ஒரு சோதனை: மெஷின் குரல் கொடுக்கும், சர்வர் பதில் சொல்லும்.

இங்கேதான் நம் ஊர் வழக்கம் வேலையைக் காட்டுகிறது. கம்பெனி இன்ஜினியர் வருகிறார். புரோபில் ஜெல் தடவி யாராவது ஒருவர் வயிற்றில் வைத்துக் காட்டுகிறார், திரையில் படம் தெரிகிறது, எல்லோருக்கும் சந்தோஷம். இன்ஸ்டலேஷன் சர்டிபிகேட்டில் கையெழுத்து, சீல், காபி. இன்ஜினியர் கிளம்பிவிடுகிறார். டைகாம் பற்றிக் கேட்டால் "அது ஆப்ஷன் சார், ஆர்டர்ல இல்லை" என்பார். உண்மையும் அதுதான். பல மெஷின்களில் அந்த வசதி உள்ளேயே இருக்கும். உரிமச் சாவிக்குத் தனியாகக் காசு. டெண்டர் எழுதியவர் அந்த ஒரு வரியை எழுதவில்லை. பல லட்ச ரூபாய்க்கு வாங்கிய மெஷின் வாய் பேசாமல் மூலையில் நிற்கிறது.

டைகாம் இருக்கும் இடங்களிலும் கதை சுலபமாக முடிவதில்லை. எக்கோவுக்குப் பதில் வந்ததும் வேலை முடிந்தது என்று போய்விடுகிறார்கள். ஆனால் நின்ற படத்தை வாங்கிக்கொள்ளும் சர்வர், இதயத் துடிப்பைக் காட்டும் ஓடும் படத்தை வாங்க மறுக்கலாம்; அந்த வகைப் படமோ அதைச் சுருக்கிய முறையோ சர்வரில் இயக்கப்பட்டிருக்காது. இதை எக்கோ காட்டிக்கொடுக்காது. இன்னொரு இடத்தில் ஐபி முகவரியை நிலையாகக் கொடுக்காமல் ரவுட்டரின் இஷ்டத்துக்கு விட்டிருந்தார்கள். ஒரு நாள் கரண்ட் போய் வந்தது. முகவரி மாறிப்போனது, அனுப்புவது நின்றது. திரையின் ஓரத்தில் சின்னதாக ஒரு சிவப்புக் குறி, யார் பார்ப்பது? படங்கள் வரிசையில் தேங்கி, டிஸ்க் நிரம்பி, கடைசியில் அதே வைத்தியம்: பழசை அழி. சர்வர் "படம் வந்து சேர்ந்தது, இனி என் பொறுப்பு" என்று உறுதி சொன்ன பிறகே மெஷின் அழிக்க வேண்டும் என்பதற்கு டைகாமிலேயே வழி இருக்கிறது. அதை முடுக்கி வைத்த இடத்தை நான் பார்க்கவில்லை.

பெயர் விவகாரம் தனிப் புராணம். மெஷினின் விசைப்பலகை ஆங்கிலம். லட்சுமி என்ற பெயரை ஒருவர் 'கே எஸ் ஹெச்' போட்டு அடிப்பார், இன்னொருவர் 'எக்ஸ்' போட்டு அடிப்பார், மூன்றாமவர் 'டி சி ஹெச்' போடுவார். இனிஷியல் முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை. முதல் பிரசவத்தில் அப்பா பெயரின் எழுத்து, இரண்டாவதில் கணவர் பெயரின் எழுத்து. அவசரத்தில் வெறும் 'எமர்ஜென்சி' என்று அடித்துவிட்டுப் படம் எடுப்பதும் உண்டு. சர்வருக்கு இவர்கள் எல்லாம் வேறு வேறு ஆட்கள். படம் இருக்கும், ஆளுக்குச் சேராது. இதற்கும் மருந்து இருக்கிறது. 'வொர்க்லிஸ்ட்' என்ற வசதி, பதிவுக் கவுண்டரில் சீட்டுப் போட்ட பெயர்ப் பட்டியலை நேராக மெஷின் திரைக்குக் கொண்டுவரும். ஸ்கேன் எடுப்பவர் பெயரைத் தட்டச்சு செய்யாமல் தொட்டுத் தேர்ந்தெடுத்தால் போதும். தமிழ்நாட்டில் கர்ப்பிணி ஒவ்வொருவருக்கும் பிக்மி எண் கொடுக்கிறோம். அந்த எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போது அலைய வேண்டியிருக்கிறது. அவ்வளவு முக்கியமான எண், அந்தத் தாயின் ஸ்கேன் படத்தின் மேல் மட்டும் ஏன் இல்லை?

பணம் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழக மருத்துவமனையில் 2012-ல் பிறந்த 'ஆர்த்தாங்க்' என்ற சர்வர் மென்பொருள் இலவசம், அதன் மூல நிரலும் திறந்தே கிடக்கிறது. சாதாரண ஒரு கம்ப்யூட்டரில் ஓடும். செலவாவது டிஸ்க்கும், யுபிஎஸ்ஸும், பார்த்துக்கொள்ள ஓர் ஆளும்.

பயப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. அவசரமாகச் சேர்த்துவிட்டுக் கடவுச்சொல் கூட இல்லாமல் இணையத்தில் திறந்து போட்டால் ஊர் முழுக்கப் பார்க்கும். 2019-ல் ஜெர்மனியின் கிரீன்போன் நிறுவனம் உலகெங்கும் இப்படித் திறந்து கிடந்த மருத்துவப் பட சர்வர்களைக் கண்டறிந்து சொன்னது. இந்தியாவும் அதில் இருந்தது. கருவின் படம் தவறான கையில் சிக்கினால் நம் நாட்டில் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. ஆகவே சர்வர் ஆஸ்பத்திரியின் உள்வலைக்குள் இருக்கட்டும். வெளியே அனுப்புவதென்றால் பூட்டுப் போட்ட தனிப் பாதையில் போகட்டும். யார் எந்தப் படத்தைத் திறந்தார்கள் என்ற பதிவு இருக்கட்டும். உண்மையில் அந்தப் பதிவு 1994-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கே துணை. எடுத்த படம் எல்லாம் கணக்கில் நின்றால் கள்ளத்தனமாக எடுப்பது கஷ்டம்.

என்ன செய்ய வேண்டும்? மருந்துக் கொள்முதலில் மற்ற மாநிலங்களுக்கு வழிகாட்டியது நம் தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம். அதன் ஸ்கேன் மெஷின் டெண்டரில் டைகாம் அனுப்பும் வசதி, வொர்க்லிஸ்ட், கருவின் அளவுகளை எண்ணாகவே அனுப்பும் வசதி மூன்றையும் விலைக்குள் சேர்த்துக் கேட்க வேண்டும், 'ஆப்ஷன்' என்ற பேச்சுக்கே இடமின்றி. கடைசித் தவணைப் பணம் திரையில் படம் தெரிந்ததற்காகப் போகக் கூடாது. சோதனைக்கு எடுத்த ஒரு நின்ற படமும் ஓர் ஓடும் படமும் சரியான பெயரோடும் எண்ணோடும் சர்வரில் தெரிந்த பிறகுதான் கண்காணிப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும். எந்த மெஷினுக்கு என்ன பெயர், என்ன முகவரி என்று மாவட்டத்துக்கு ஒரே பதிவேடு வேண்டும். இப்போது இருக்கும் பயோமெடிக்கல் இன்ஜினியர்களே அதை வைத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே வாங்கிய மெஷின்களுக்கு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது உரிமச் சாவியைக் கேட்டு வாங்கலாம். அதிகாரிகளுக்கு இது தெரியாததல்ல. யாரும் கேட்காததால் நடக்கவில்லை என்பதுதான் என் எண்ணம்.

என் தங்கை மகள் 17 நாள் அந்த வார்டில் இருந்தாள். டாக்டர்கள் ரத்த ஓட்டத்தை டாப்ளரில் பார்த்தார்கள், இரண்டு வாரம் கழித்து மறுபடி அளந்தார்கள், பொறுப்பாகத்தான் கவனித்தார்கள். அவள் கணவன் அந்த 17 நாளும் வேலைக்குப் போகவில்லை. பெண் குழந்தை, இரண்டு கிலோ நூறு கிராம். இருவரும் நலம். குறைமாதமா, வளர்ச்சி குறைவா என்று மட்டும் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

வீட்டில் கர்ப்பிணி இருக்கும் வாசகர்களே, அரசு வழிக்கு வரும் வரை இதையாவது செய்யுங்கள். ஸ்கேன் அறையை விட்டு வெளியே வந்ததும் ரிப்போர்ட்டையும் அந்தச் சின்னத் தாளையும் போனில் படம் பிடித்து வையுங்கள். தாளைப் பிளாஸ்டிக் உறையில் போடாதீர்கள். காகித உறை போதும். தாய் சேய் நலப் புத்தகத்தில் 'நார்மல்' என்று மட்டும் எழுதினால், தேதியையும் அளவையும் வாரத்தையும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். அப்படியே "படத்தை எங்க சார் சேர்த்து வெப்பீங்க?" என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.