அறுவை அரங்குக்கும் டயாலிசிஸ் மையத்துக்கும் நடுவே

2016 பிப்ரவரி 29 அன்று மக்களவையில் நிதிநிலை அறிக்கையைத் தாக்கல் செய்த அன்றைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி, சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்த நோயாளிகள் ஆண்டுதோறும் 2.2 லட்சம் பேர் புதிதாகச் சேர்கிறார்கள் என்றும், அதனால் கூடுதலாக 3.4 கோடி முறை டயாலிசிஸ் தேவைப்படுகிறது என்றும் குறிப்பிட்டார். ஒரு முறைக்கு சுமார் ரூ. 2,000, ஆண்டுக்கு ரூ. 3 லட்சத்துக்கும் மேல். மாவட்ட மருத்துவமனைகளில் டயாலிசிஸ் வசதி அளிக்கும் தேசியத் திட்டம் அந்த உரையில்தான் அறிவிக்கப்பட்டது.

வரவேற்கத்தக்க திட்டம் அது. எத்தனை மையங்கள், எத்தனை இயந்திரங்கள் என்று உறுப்பினர்கள் கேட்பதும், அமைச்சர் மாநில வாரியாகப் பட்டியல் அளிப்பதும் நாடாளுமன்றத்தில் வழக்கமாகிவிட்டது. ஆனால், அந்த இயந்திரத்தை நோக்கி நோயாளியைக் கொண்டு செல்லும் வழிகளில் எவற்றை அடைக்க முடியும் என்ற கேள்விக்கு அதே முக்கியத்துவம் கிடைப்பதில்லை. அவ்வழிகளுள் ஒன்று அறுவை அரங்கிலிருந்து தொடங்குகிறது.

இதயத்திலோ வயிற்றிலோ பெரிய அறுவை சிகிச்சை நடக்கும்போது ரத்த இழப்பாலும் ரத்த அழுத்தம் குறைவதாலும் சிறுநீரகத்துக்குச் செல்லும் ரத்தம் குறைகிறது. கிருமித் தொற்றும், சில வலி நிவாரணிகளும், ஜென்டாமைசின் போன்ற மருந்துகளும் சேர்ந்தால் பாதிப்பு பெருகுகிறது. முதியோர், சர்க்கரை நோயாளிகள், ஏற்கெனவே சிறுநீரகம் நலிந்தவர்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். இதில் வலி கிடையாது. ஆகவே, அளந்து பார்த்தால் ஒழியத் தெரியாது.

அளவுகோல் 2012-ஆம் ஆண்டிலேயே சர்வதேச நெறிமுறையாக வகுக்கப்பட்டுவிட்டது. ரத்தத்தில் கிரியேட்டினின் 48 மணி நேரத்துக்குள் 0.3 மில்லிகிராம் கூடினாலோ, 7 நாள்களுக்குள் ஒன்றரை மடங்கானாலோ, தொடர்ந்து 6 மணி நேரம் சிறுநீர் குறைந்தாலோ அது சிறுநீரக பாதிப்பு. 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லிலிட்டர் என்பதே அந்தச் சிறுநீர் வரம்பு. இதைக் கண்டறிய எளிய ரத்தப் பரிசோதனையும், அளவுக் கோடிட்ட சிறுநீர்ப் பையும், மணிக்கொரு முறை குறித்து வைக்கும் செவிலியரும் போதும்.

பாதிப்பு முற்றிய பிறகு அதை மீட்டுத் தரும் மருந்து இல்லை. சிறுநீரகத்தைக் காக்கும் என நம்பிக் குறைந்த அளவில் அளிக்கப்பட்ட டோபமைன், 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில் பயனற்றது எனத் தெரிந்தது. 2018-இல் வெளியான மற்றோர் ஆய்வில், பெரிய வயிற்று அறுவை சிகிச்சைக்கு உள்ளான சுமார் 3,000 பேரில், நரம்பு வழித் திரவம் கட்டுப்படுத்தப்பட்ட பிரிவில் 8.6 சதவீதத்தினரும், தாராளமாக அளிக்கப்பட்ட பிரிவில் 5 சதவீதத்தினரும் சிறுநீரக பாதிப்புக்கு உள்ளாயினர். அதற்காக அளவின்றித் திரவம் ஏற்றுவதும் தீங்கே. கணக்குப் பார்த்துக் கொடுப்பதே மருத்துவம்.

இங்கேதான் அரசின் கடமை வருகிறது. 2018-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரை சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிறது. அறுவை சிகிச்சைக்கும் அரசுப் பணம். டயாலிசிஸுக்கும் அரசுப் பணம். இரண்டுக்கும் நடுவே நிற்கும் தடுப்புக்குத்தான் உரிய கவனம் வேண்டும். வீடு திரும்பிய பின் 15 நாள்கள் வரையிலான பரிசோதனை, மருந்துச் செலவு இத்திட்டத்தில் அடங்கும். ஆனால், பாதிப்புக்கு உள்ளானவரை மூன்று மாதங்களுக்குப் பின் மீண்டும் பரிசோதிக்க வேண்டும் என்கிறது மருத்துவ நெறிமுறை. தேறிவிட்டதாகத் தோன்றுபவர்களுக்கும் பிற்காலத்தில் நாள்பட்ட சிறுநீரக நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்பதே காரணம். பதினைந்து நாளுக்கும் மூன்று மாதத்துக்கும் இடையே அந்த ஏழை நோயாளி யாருடைய பொறுப்பு?

பொது சுகாதாரம் மாநிலப் பட்டியலில் உள்ளது என்று மத்திய அரசு ஒதுங்க முடியாது. இத்திட்டத்தின் செலவைப் பெரும்பாலான மாநிலங்களுடன் 60:40 விகிதத்தில் பகிர்வது மத்திய அரசுதான். பணம் தருபவர் நிபந்தனை விதிக்கலாம். பெரிய அறுவை சிகிச்சைகள் ஒவ்வொன்றிலும் முன்னும் பின்னும் எடுத்த கிரியேட்டினின் அளவு, வீடு திரும்பும் சீட்டில் இடம்பெற வேண்டும். பாதிப்பு கண்டவர்களின் மூன்றாம் மாதப் பரிசோதனையையும் திட்டம் ஏற்க வேண்டும்.

புதிய டயாலிசிஸ் மையத்தைத் திறந்துவைக்க நாடா வெட்டலாம், படம் எடுக்கலாம். தடுக்கப்பட்ட நோய்க்குத் திறப்பு விழா இல்லை. அதனாலேயே அதற்காக அவையில் குரல் எழுப்ப வேண்டியவர்கள் மக்கள் பிரதிநிதிகள்.