கதவைச் சாத்தினால் சதியா?

ஃப்ரீமேசன்களைச் சாடும் நண்பர் ஒருவர், கதவைச் சாத்திக்கொண்டு கூடுகிறவர்கள் சதிகாரர்கள் என்கிறார். அப்படிப் பார்த்தால் அம்பத்தூர் எஸ்டேட்டில் போனஸ் பேச உட்காருகிற இரு தரப்பும் சதிகாரர்கள்தான்.

ஃப்ரீமேசனாக இருக்கும் நானே சொல்கிறேன், எழும்பூரில் எங்கள் ஹாலில் என்ன நடக்கிறதென்று. ஆவடியில் மின்சார ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி ஆட்டோ. கோட்டு, இடுப்பில் ஏப்ரன். கீதையும் குர்ஆனும் பைபிளும் பக்கத்துப் பக்கத்தில். அரசியல், மத விவாதம் உள்ளே கூடாது. இந்த ஊரில் இரண்டு மணி நேரம் அதில்லாமல் இருப்பதே தனி சுகம். சடங்கு வசனங்களை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். போன தடவை எனக்கு நடுவில் வரி மறந்துவிட்டது. பக்கத்தில் இருந்த பெரியவர் உதடு அசையாமல் எடுத்துக் கொடுத்தார். ராத்திரி சாப்பாட்டில் அதைச் சொல்லிச் சொல்லியே என்னை ஓட்டினார்கள். இதுதான் ஐயா பெரிய ரகசியம்!

ஃப்ரீமேசன் சங்கம் 'வெள்ளைக்காரன் சரக்கு' என்பதும் அரைகுறை. ஆற்காட்டு நவாபின் மகன் உம்தத்-உல்-உமரா 1770களிலேயே திருச்சியில் சேர்ந்தவர். விவேகானந்தர் 1884இல், கல்கத்தாவில். இருவருக்கும் இடையில் நெடுங்காலம் இந்தியர்களைச் சேர்க்கத் தயங்கினார்கள் என்பது நிஜம். 1961 முதல் இந்தியாவுக்கென்றே கிராண்ட் லாட்ஜ் என்ற தலைமை அமைப்பு இருக்கிறது.

நண்பர் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு: பெண்களுக்கு ஏன் இடமில்லை? என் மனைவி கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை.