கஞ்சா கேஸுன்னு சொல்றதுக்கு முன்னாடி...

டிஸ்கி: இந்தப் பதிவு யாரையும் புகைக்கச் சொல்லவில்லை. நமக்கு டீயைத் தாண்டி எந்தப் பழக்கமும் கிடையாது. ஆட்டோ அனுப்ப நினைப்பவர்கள் முழுசா படிச்சுட்டு அனுப்பவும் :-)

"கஞ்சாச் சட்டத்தை மாத்தணும்" என்று உலகத்தின் எந்த மூலையில் யார் பேசினாலும் நம்மாட்கள் கையில் ஒரு முத்திரை தயாராக இருக்கும். 'கஞ்சா கேஸு'. குத்தியாச்சா, வேலை முடிஞ்சது. அந்தாள் டாக்டரா, நீதிபதியா, நோயாளியா என்று பார்க்கத் தேவையில்லை. இதுக்கு எதிர்க்கோஷ்டி ஒண்ணு இருக்கு. பாப் மார்லி பனியன், பச்சை இலை ஸ்டிக்கர். கடவுள் கொடுத்த செடி, கேன்சரே ஓடிப்போயிடும் என்று அள்ளிவிடுபவர்கள். ரெண்டு கோஷ்டியும் நம்புறது ஒரே கதைதான். ஜாலியா இருக்க நினைச்சவங்க கேட்டாங்க, கண்டிப்பானவங்க மறுத்தாங்க. அவ்வளவுதான் வரலாறு.

அதுவல்ல வரலாறு. இந்தக் கதையின் முக்கிய ஆட்கள் கமிஷன் உறுப்பினர்கள், ஒரு வேதியியல்காரர், ஒரு மனநல மருத்துவர், பார்வை போய்க்கொண்டிருந்த ஒரு நோயாளி, சர்வராக வேலை பார்த்த ஒரு பாட்டி. இவர்கள் மோதியது ஒரே சுவரில். தடை போட்டவரிடம் யாரும் ஆதாரம் கேட்கவில்லை. தடையை எடு என்றவரிடம் மட்டும் கேட்டார்கள். கொண்டு வந்தால் குப்பைத்தொட்டி. தேடப் போனால் அனுமதி கிடையாது.

சும்மா சொல்லலை, வரிசையா வர்றேன்.

ஆரம்பம் நம்ம ஊர்ப் பக்கம்தான். இந்தியாவில் கஞ்சாதான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளை நிரப்புது என்று லண்டன் நாடாளுமன்றத்தில் கேள்வி கிளம்ப, 1893ல் ஏழு பேர் கொண்ட கமிஷன் போட்டார்கள். சென்னை மாகாணம் உட்படப் பல மாகாணங்களில் 1,193 சாட்சிகளிடம் கருத்துக் கேட்டார்கள். அதைவிடப் பெரிய வேலை, ஆஸ்பத்திரிப் பதிவேடுகளைத் தோண்டியது. நோயாளியோடு போலீஸ் அனுப்பும் காகிதத்தில் 'கஞ்சா' என்று இருந்தால் அதை அப்படியே 'காரணம்' என்று பதிவேட்டில் ஏற்றியிருந்தார்கள். யாரும் விசாரிக்கவே இல்லை! அந்தப் பதிவேட்டு எண்ணிக்கைதான் லண்டன் வரைக்கும் புள்ளிவிவரமாகப் போயிருந்தது.

அளவோடு பயன்படுத்துபவர்களுக்குப் பெரிய கேடு இல்லை, அளவு மீறினால் கேடு உண்டு, முழுத் தடை தேவையில்லை, வரியும் உரிமமும் போட்டுக் கட்டுப்படுத்தலாம். இதுதான் 1894ல் கமிஷன் சொன்ன முடிவு. வெள்ளைக்காரனுக்கு வரிப் பணத்தின் மேல் கண் இருந்தது என்பீர்கள். இருந்தது, மறுக்கலை. ஆனால் முடிவு பிடிக்காதவர்கள் அந்தப் பதிவேடு வேலைக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

அமெரிக்காவுக்குப் போவோம். கஞ்சாவை அங்கே கிட்டத்தட்ட முடக்கிய சட்டம் 1937ல் வந்தது. போதைமருந்துத் துறைத் தலைவர் ஹாரி ஆன்ஸ்லிங்கர் கையில் இருந்ததெல்லாம் பத்திரிகைகளில் வந்த கொலைக் கதைகள். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சார்பில் போன டாக்டர் வில்லியம் வுட்வர்ட் கேட்டது எளிமையான கேள்வி. சிறைகளில் இந்தப் பழக்கம் இவ்வளவு இருக்கு என்கிறீர்களே, சிறைத்துறை ஆள் எங்கே? குழந்தைகள் கெட்டுப்போறாங்க என்கிறீர்களே, குழந்தைகள் நலத்துறை ஆள் எங்கே? பதிலுக்குக் கிடைத்தது வசவு. கொடுமை என்னன்னா, மசோதா அவைக்கு வந்தபோது, டாக்டர்கள் ஒத்துக்கிட்டாங்களா என்று ஒரு உறுப்பினர் கேட்க, முழு ஆதரவு என்று பதில் சொல்லிட்டாங்க. எதிர்த்துப் பேசின மனுஷனை ஆதரவாளராக மாத்தியாச்சு!

நியூயார்க் மேயர் லகார்டியா மருத்துவர்களை வைத்து ஆராயச் சொன்னார். 1944ல் அறிக்கை வந்தது. கஞ்சா பெரிய குற்றங்களுக்குக் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றார்கள். ஆன்ஸ்லிங்கர் அறிக்கையைக் கிழிகிழி என்று கிழித்தார்.

அடுத்தது நிக்சன் காலம். 1970ல் வந்த சட்டத்தில் கஞ்சாவை ஹெராயினோடு சேர்த்து முதல் பட்டியலில் வைத்தார்கள். அதாவது மருத்துவப் பயனே இல்லாத, மிக ஆபத்தான சரக்கு. அப்போது சொன்னது, இது தற்காலிகம், ஒரு கமிஷன் ஆராய்ந்து சொல்லும்வரை இருக்கட்டும் என்று. கமிஷன் தலைவர் ரேமண்ட் ஷேஃபர் ஹிப்பி இல்லை சாமி. நிக்சனின் சொந்தக் கட்சிக்காரர், பென்சில்வேனியாவின் முன்னாள் கவர்னர். கமிஷன் வேலை நடந்துகொண்டிருந்த 1971லேயே, அவங்க சட்டபூர்வமாக்கச் சொன்னாலும் நான் கேட்க மாட்டேன் என்று நிக்சன் நிருபர்களிடம் சொல்லிவிட்டார். 1972ல் கமிஷன், சொந்த உபயோகத்துக்குக் கொஞ்சம் வைத்திருப்பதைக் குற்றமாக்காதீர்கள் என்றது. அவ்வளவுதான், மூட்டை கட்டி வைத்துவிட்டார்கள். 'தற்காலிகம்' ஐம்பது வருஷத்தைத் தாண்டி ஓடியது. நம்மூர் தற்காலிகப் பாலம் தோத்துது போங்க.

லெஸ்டர் கிரின்ஸ்பூனைப் பார்ப்போம். ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் மனநல மருத்துவர். 1967ல் அவர் படிக்க ஆரம்பித்ததே, இளைஞர்கள் இப்படிக் கெடுத்துக்கறாங்களே, ஆபத்தை விளக்கி எழுதலாம் என்றுதான். படிக்கப் படிக்க, தனக்குச் சொல்லித்தந்ததில் பெரும்பகுதி பொய் என்று கண்டுகொண்டார். 1971ல் புத்தகமாகவே எழுதினார். முழுப் பேராசிரியர் பதவி கடைசி வரை கிடைக்கவில்லை. அந்தப் புத்தகத்தில் 'மிஸ்டர் எக்ஸ்' என்ற பெயரில் ஒருவர் தன் அனுபவத்தை எழுதியிருந்தார். அது விண்வெளி விஞ்ஞானி கார்ல் சேகன் என்று அவர் செத்து மூணு வருஷம் கழித்து, 1999ல்தான் தெரிந்தது. புனைபெயரில் எழுதும் நமக்கு அந்த பயம் புரியும்தானே?

ஆராய்ச்சிக்கு வருவோம். அறுபதுகளின் தொடக்கத்தில் இஸ்ரேலின் ரஃபேல் மெஷூலம், ஓபியத்திலிருந்து மார்ஃபின் எடுத்து நூற்றைம்பது வருஷம் ஆச்சு, கஞ்சாவில் போதை தருவது எது என்று இன்னும் தெரியலையே என்று கிளம்பினார். அமெரிக்க நிதி கேட்டால், இது எங்க நாட்டுப் பிரச்னை இல்லை என்று பதில். போலீஸிடம் பறிமுதல் சரக்கு ஐந்து கிலோ லெபனான் ஹஷீஷ் வாங்கி, பஸ்ஸில் எடுத்துக்கொண்டு போனார். 1964ல் டிஎச்சியைப் பிரித்து அதன் அமைப்பைச் சொன்னார்கள். நம் மூளையே அதே ஏற்பிகளில் போய் ஒட்டும் ஒரு பொருளைச் செய்துகொள்கிறது என்று 1992ல் அவர் குழு கண்டுபிடித்து, 'ஆனந்த' என்ற சமஸ்கிருதச் சொல்லை வைத்து ஆனந்தமைடு என்று பெயரும் வைத்தது.

ஆனால் இதுக்கு நடுவில் நடந்ததுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது. போதையே தராத சிபிடி என்ற பொருள் வலிப்பு நோய்க்கு உதவலாம் என்று பிரேசில் ஆய்வாளர்களோடு சேர்ந்து 1980ல் ஒரு சின்ன சோதனையை வெளியிட்டார். சின்னதுதான், அதை வைத்து முடிவு கட்ட முடியாது. பெரிசா செஞ்சு பார்க்கணும். செய்தார்களா? சிபிடி மருந்துக்கு அமெரிக்க அனுமதி கிடைத்தது 2018ல். 38 வருஷம்! நடுவில் வலிப்பு வந்து துடித்த குழந்தைகளுக்கு யார் பதில் சொல்றது?

சட்டத்தை உண்மையில் அசைத்தது காத்திருக்க நேரமில்லாதவர்கள். ராபர்ட் ரேண்டலுக்கு க்ளாக்கோமா. பார்வை போய்க்கொண்டிருந்தது. கஞ்சா புகைத்தால் கண்ணின் அழுத்தம் குறைவதைக் கண்டு வீட்டிலேயே செடி வளர்த்தார். 1975ல் கைது. 1976ல் வாஷிங்டன் நீதிமன்றம், மருத்துவத் தேவை என்று ஏற்று விடுதலை செய்தது. மருத்துவப் பயன் இல்லை என்று சொன்ன அதே அரசாங்கம் தன் பண்ணையில் விளைந்த கஞ்சாவையே அவருக்கு அனுப்ப வேண்டியதாயிற்று.

சான்பிரான்சிஸ்கோவில் மேரி ரத்பன் பாட்டி. எய்ட்ஸ் வந்து, சாப்பிட்டது தங்காமல் உருகிக்கொண்டிருந்த பையன்களுக்குக் கஞ்சா போட்ட கேக் சுட்டுக் கொடுத்தார். பல பேர் கிட்டே போகவே பயந்த காலம் அது. 'பிரவுனி மேரி' என்று பெயரே வந்தது. மூன்று தடவை கைது. 1992ல் மூன்றாவது தடவை பிடித்தபோது வயது எழுபதை நெருங்கியிருந்தது. அவர் தொண்டு செய்த அதே ஆஸ்பத்திரியின் டாக்டர் டொனால்ட் ஆப்ரம்ஸ், இது வேலை செய்யுதா என்று முறையாகச் சோதிக்கலாம் என்றார். சட்டபூர்வமான சரக்கு அரசாங்கத்திடம் மட்டும்தான். தர மறுத்தார்கள். 'பயன் தருமா' என்ற கேள்வியை 'பாதுகாப்பானதா' என்று மாற்றிக் கேட்ட பிறகுதான் 1997ல் கதவு திறந்தது. அதற்குள், துணைவரை எய்ட்ஸுக்குப் பறிகொடுத்த டென்னிஸ் பெரோன் கையெழுத்து வேட்டையாடி, 1996ல் கலிபோர்னியா மக்கள் ஓட்டாலேயே மருத்துவக் கஞ்சாவுக்குச் சட்டம் கொண்டுவந்துவிட்டார்.

சரி, ஸ்டிக்கர் கோஷ்டிக்கும் நாலு வார்த்தை. ஆதாரம் கேட்கும் நியாயம் உங்களுக்கும்தான். வீரியம் கூடின சரக்கைத் தினம் இழுப்பவர்களுக்கு மனச்சிதைவு போன்ற நோய்கள் வரும் அபாயம் கூடுகிறது என்று லண்டனில் ராபின் மர்ரி, மார்த்தா டி ஃபோர்ட்டி குழுவினர் வருஷக்கணக்கில் காட்டிவந்திருக்கிறார்கள். 2019ல் ஐரோப்பா முழுக்கப் பார்த்த ஆய்வும் அதையே சொன்னது. அவர்களை 'போலீஸ் ஆளு' என்று திட்டுவதும் வுட்வர்டைத் திட்டியதும் ஒண்ணுதான். எந்த நோய்க்கும் இது மருந்து என்று எண்ணெய் விற்பவர், ஆன்ஸ்லிங்கரின் மறுபக்கம். அவர் கொலைக் கதை விற்றார், இவர் அற்புதக் கதை விற்கிறார்.

தீமை இருக்குன்னு தெரிஞ்சா எவ்வளவு, யாருக்கு, எந்த அளவில் என்று ஆராயணும். ஜெயில் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. வெள்ளையரும் கறுப்பரும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் புகைக்கிறார்கள். ஆனால் கஞ்சா வைத்திருந்ததற்காகக் கைதாகும் வாய்ப்பு கறுப்பர்களுக்கு 3.73 மடங்கு என்று அமெரிக்க சிவில் உரிமைச் சங்கம் 2013ல் கணக்குக் காட்டியது. செடியா அவங்களைத் தேடிப் பிடிச்சுது?

அதனால மக்களே, அடுத்த தடவை 'கஞ்சா கேஸு' என்று குத்துவதற்கு முன்னாடி அந்தப் பாட்டியை ஒரு நிமிஷம் நினைச்சுக்குங்க. தடை போடுறவர், விற்கிறவர் ரெண்டு பேரையும் பார்த்து ஒரே கேள்வியைக் கேளுங்க. ஆதாரம் எங்கே?

மாற்றுக் கருத்து இருந்தா தாராளமா வாங்க, சண்டை போடலாம். வெறுங்கையோட மட்டும் வராதீங்க.