குருவிக்கு ஒரு மூலை கொடுங்கள்!

காஞ்சிபுரம் பட்டுச் சேலை ஒன்றை விரித்துப் பாருங்கள்.

கரையிலே மயில். உடலிலே கிளி. முந்தானையிலே அன்னம்.

சேலையில் இத்தனை பறவைகள் இருக்கின்றன. ஆனால் அந்தச் சேலையை நெய்யும் வீட்டில் ஒரு சிட்டுக்குருவி உண்டா?

2010-ம் ஆண்டு முதல் மார்ச் 20-ந் தேதியை உலகச் சிட்டுக்குருவி நாளாகக் கொண்டாடுகிறார்கள். ஒரு பறவைக்காக ஒரு நாளை ஒதுக்கி, அதை நினைக்க வேண்டிய நிலை வந்துவிட்டது.

குருவிகள் எங்கே போயின? ஏன் போயின?

பழைய வீடு, புதிய வீடு

காஞ்சியில் நெசவாளரின் பழைய வீடு எப்படி இருக்கும்?

மேலே ஓடு. வாசலில் திண்ணை. நடுவில் முற்றம். உள்ளே குழித்தறி.

ஓட்டுக்கும் மரத்துக்கும் நடுவே சந்து இருக்கும். அங்கே குருவி கூடு கட்டும். முற்றத்தில் பெண்கள் அரிசி புடைப்பார்கள். சிந்திய நொய் குருவிக்கு. கிணற்றடியில் தேங்கும் தண்ணீரும் குருவிக்கு. தறியின் சத்தம் அதற்குப் பழகிப்போன சத்தம்.

இன்று பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளிலும் ஓட்டு வீடுகள் மாடி வீடுகளாக மாறி வருகின்றன.

இது தவறா? இல்லை. ஒழுகும் கூரையின் கீழ் பட்டுப் பாவை வைத்துக்கொண்டு எந்த நெசவாளி நிம்மதியாகத் தூங்க முடியும்? நல்ல வீடு வேண்டும் என்று அவர் ஆசைப்படுவது நியாயமே.

ஆனால் சிமெண்டுச் சுவரில் சந்து இல்லை. முற்றத்தின் மேல் தளம் போட்டாகிவிட்டது. அரிசியோ கல், உமி நீக்கிச் சுத்தமாகப் பையில் வருகிறது. குருவிக்கு வீடும் போயிற்று, சாப்பாடும் போயிற்று!

கோபுரம் குற்றவாளியா?

"செல்போன் கோபுரம்தான் குருவியைக் கொன்றது" என்று பலர் சொல்கிறார்கள். 2018-ல் வந்த "2.0" திரைப்படமும் இந்தப் பேச்சுக்கு வலுவூட்டியது.

விஞ்ஞானிகள் என்ன சொல்கிறார்கள்?

2020-ல் இந்தியப் பறவைகளின் நிலை பற்றி ஓர் அறிக்கை வெளியாயிற்று. நாடெங்கும் ஆயிரக்கணக்கான பறவை ஆர்வலர்கள் எழுதி வைத்த குறிப்புகளைத் திரட்டி, 867 வகைப் பறவைகளை ஆராய்ந்து எழுதிய அறிக்கை அது.

அதில் ஓர் ஆச்சரியம்! நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், 25 ஆண்டுகளாகச் சிட்டுக்குருவியின் தொகை ஏறக்குறைய நிலையாக இருக்கிறது. ஆனால் சென்னை போன்ற பெருநகரங்களில் மட்டும் அது குறைந்து வந்திருக்கிறது.

செல்போன் கோபுரங்கள்தான் காரணம் என்பதற்கு இதுவரை சான்று இல்லை என்றும் அந்த அறிக்கை கூறியது. பூச்சி உணவு குறைந்ததும், கூடு கட்ட இடம் இல்லாமல் போனதும் காரணமாக இருக்கலாம் என்றது.

இது வருத்தமான செய்தி அல்ல; நம்பிக்கை தரும் செய்தி. கோபுரத்தை நகர்த்த நம்மால் முடியாது. சுவரில் ஒரு பானையைக் கட்ட யாராலும் முடியும்.

குஞ்சுக்குப் புழு வேண்டும்

பெரிய குருவி தானியம் தின்னும். ஆனால் அதன் குஞ்சுக்குப் புழு பூச்சிதான் உணவு. பூச்சி இல்லாத ஊரில் குஞ்சு பிழைக்காது.

இதை மறந்த ஒரு நாடு பட்ட பாடு பெரிது.

1958-ல் சீனாவில், "குருவி நம் தானியத்தைத் தின்கிறது" என்று சொல்லிக் குருவிகளை ஒழிக்கக் கிளம்பினார்கள். தகரத்தையும் தட்டையும் தட்டிக் குருவிகளை உட்காரவிடாமல் விரட்டினார்கள். அவை பறந்து பறந்து களைத்து விழுந்து செத்தன. பிறகு பயிரைத் தின்னும் பூச்சிகள் பெருகின. 1960-ல் ஒழிக்க வேண்டியவை பட்டியலில் இருந்து குருவியை எடுத்துவிட்டு, மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள்!

கறிவேப்பிலையில் ஒரு புழு

புழுவின் அருமை காஞ்சிக்குத் தெரியாதா? முசுக்கொட்டை இலையைத் தின்னும் ஒரு புழுதானே இந்த ஊருக்கே சோறு போடுகிறது!

அதன் உறவுக்காரப் புழு ஒன்று கறிவேப்பிலைச் செடியில் இருக்கும். முதலில் பறவை எச்சம் போலத் தெரியும். வளர்ந்ததும் இலைப் பச்சையாகிவிடும். கண்டவுடன் பிடுங்கி எறிகிறோம். இல்லாவிட்டால் மருந்து அடிக்கிறோம்.

கொஞ்சம் பொறுத்தால் அது கூட்டுப்புழுவாகும். பிறகு வெள்ளைப் பட்டை போட்ட கரிய வண்ணத்துப்பூச்சியாகப் பறக்கும். செடியும் மறுபடி துளிர்க்கும். பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் எந்தப் புத்தகத்தில் உண்டு?

என்ன செய்யலாம்?

தோட்டம் இல்லையே என்று கவலை வேண்டாம். மாடியும் சன்னலோரமும் போதும்.

கூடு: சிறு மண்பானை அல்லது மரப்பெட்டியில் ஒன்றேகால் அங்குல அகலத்தில் ஓட்டை போடுங்கள். எட்டு, பத்து அடி உயரத்தில், வெயிலும் மழையும் நேரே படாத இடத்தில் கட்டுங்கள். பூனைக்கு எட்டக்கூடாது. மின்விசிறி பக்கத்தில் இருக்கக்கூடாது.

தண்ணீர்: ஆழம் இல்லாத மண் தட்டில் வையுங்கள். தினமும் தேய்த்துக் கழுவி, தண்ணீரை மாற்றுங்கள். இல்லாவிட்டால் கொசு முட்டையிடும்.

உணவு: கம்பு, தினை, நொய். உப்புப் பண்டம் வேண்டாம்.

செடி: தொட்டியில் கறிவேப்பிலை, துளசி, இட்லிப்பூ, செம்பருத்தி வையுங்கள். துளசிப் பூவுக்குத் தேனீ வரும். செம்பருத்திக்குத் தேன்சிட்டு வரும். பூச்சி மருந்து மட்டும் வேண்டாம்.

கூடு கட்டியதும் குருவி வந்துவிடாது. மாதக்கணக்கில் ஆகலாம். வந்த பின் எட்டிப் பார்த்துத் தொந்தரவு செய்யாதீர்கள். முட்டை பொரிக்கச் சுமார் இரண்டு வாரம்; குஞ்சு பறக்க இன்னும் இரண்டு வாரம். அதுவரை அதை விட்டுவிடுங்கள்.

வேடந்தாங்கல் சொல்லும் பாடம்

"ஒரு வீட்டுக்காரர் செய்து என்ன ஆகும்?" என்று கேட்கலாம்.

காஞ்சியில் இருந்து உத்திரமேரூர் வழியாகப் போனால் வேடந்தாங்கல் ஏரி. அங்கே பறவைகளைச் சுட வந்தவர்களை எதிர்த்து ஊரார் முறையிட்டார்கள் என்பது அந்த ஊர் வரலாறு. 1798-ல் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ் பறவைகளுக்குப் பாதுகாப்பு அளித்து உத்தரவு கொடுத்தார்.

ஊராருக்கு இதில் லாபமும் இருந்தது. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாயிற்று. பறவைக்கு இடம்; பயிருக்கு உரம். அந்த ஒப்பந்தம் இருநூறு ஆண்டுகளைத் தாண்டி நிற்கிறது. 2022-ல் அந்த ஏரி ராம்சார் பட்டியல் என்னும் உலக ஈரநிலப் பட்டியலிலும் இடம் பெற்றது.

எல்லாம் எளிய விவசாயிகள் தொடங்கிய வேலை!

அவர்கள் ஓர் ஏரியையே பறவைகளுக்கு விட்டுக்கொடுத்தார்கள். நம்மிடம் குருவி கேட்பது ஒரு மூலைதான்.

ஒரு பழைய பானை, ஒரு மண் தட்டு, ஒரு கறிவேப்பிலைச் செடி. செலவு இவ்வளவுதான்.